தையல் மேசை: கபாலியின் கோட்டு, மகளின் அளவில்

ஜொகூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு 18 வயது. கல்லூரியில் ஓர் இரவு விருந்து. ஆளுக்கொரு சினிமாப் பாத்திரத்தின் உடையில் வரவேண்டுமாம். தோழிகள் சந்திரமுகி, நந்தினி என்று பட்டுப்புடவைக்காரிகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இவர் மகளோ, "நான் கபாலியாகப் போகிறேன். தாடி மீசை ஒட்டிக்கொண்டு ஆண் வேடம் போடமாட்டேன். பெண்ணாகவே, அந்தக் கோட்டோடு போவேன்" என்கிறாளாம். "பெண்பிள்ளைக்குக் கோட்டு எதற்கு? ஒரு ராத்திரிக் கூத்துக்கு இவ்வளவு செலவா?" என்று தகப்பனார் முகம் சுளிக்கிறார். பட்டணத்துத் தையற்காரர், "பழைய ஆம்பிளைக் கோட்டு ஒன்று கொண்டு வாருங்கள், பிடித்துத் தருகிறேன்" என்கிறார். விடுமுறைக்குச் சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்கு வரப்போகும் அந்தத் தாயார் கேட்பது இதுதான்: என்ன துணி வாங்குவது, எவ்வளவு வாங்குவது, வீட்டு மிஷினில் தைத்துவிட முடியுமா?

முடியும், சகோதரி. ரவிக்கையும் பஞ்சாபி சூட்டும் தைக்கிற கைக்குக் கோட்டு எட்டாத காரியமில்லை. மாலை வேளைகளில் உட்கார்ந்தால் மூன்று வாரம் பிடிக்கும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேடத்துக்கான உடுப்பு என்று தைக்காதீர்கள், கோட்டு என்று தையுங்கள். விருந்து ஓர் இரவு. அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அவள் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போவாள். அன்றைக்கும் இதே கோட்டைப் போட்டுக்கொண்டு போகவேண்டும். தகப்பனாரின் செலவுக் கணக்குக்கு அதுவே பதில். கீழே சொல்வதெல்லாம் அதை மனத்தில் வைத்துத்தான்.

நம் மொழியில் ஒரு வேடிக்கை பாருங்கள். வெள்ளைக்காரன் 'ஜாக்கெட்' என்று சொன்னது ஆண்பிள்ளை மேலே போடும் கோட்டை. அந்தச் சொல்லை வாங்கி நாம் ரவிக்கைக்குச் சூட்டிவிட்டோம். "ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன்" என்றால் தேக்காவிலும் சரி, தோட்டத்து லயத்திலும் சரி, யாருக்கும் கோட்டு நினைவுக்கு வராது. அந்த ரவிக்கைகூட நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820-களில் தொடங்கி அடியும் உதையும் பட்டார்கள். 1859-இல்தான் மன்னரின் ஆணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்று ஒரு முடிச்சு போட்டிருந்தார்கள். யார் எதை உடம்பில் போடலாம் என்பதில் தையற்காரரைவிட மற்றவர்களுக்குத்தான் எப்போதும் அக்கறை அதிகம்.

தோட்டத்துக் கதையும் அதுதான். கோட்டு துரைக்குரியது. வேட்டிமேல் கோட்டும் தலையில் தலைப்பாகையும் பெரிய கங்காணிக்குரியவை. மரத்தில் பால் வெட்டியவருக்கும் கொழுந்து கிள்ளியவருக்கும் அது எட்டத்தில் நின்று பார்க்கிற உடுப்பு. 2016 ஜூலை 22-ஆம் தேதி வெளிவந்த 'கபாலி' படம் நம் பக்கத்து மக்களிடம் இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு ரஜினிகாந்த் மட்டுமே காரணமில்லை என்பது என் எண்ணம். பா. ரஞ்சித் இயக்கிய அந்தப் படத்தில் மலேசியத் தோட்டத் தொழிலாளிகளின் உரிமைக்காகக் குரல் கொடுத்துக் கிளம்பிய ஒருவன், 25 ஆண்டு சிறையிலிருந்துவிட்டு வெளியே வந்து, மடிப்புக் கலையாத கோட்டும் சூட்டுமாக நடக்கிறான். கோட்டு ஏன் என்பதற்குப் படத்திலேயே காரணமும் வருகிறது: காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டு போட்டதற்கும் வெவ்வேறு அர்த்தம் உண்டு என்று கபாலி சொல்கிறான். காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில்தான் மேல்சட்டையைத் துறந்தார். ஏழைகளைப்போல உடுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். சட்டையே போடக்கூடாது என்று சொல்லப்பட்ட மக்களிடமிருந்து வந்த அம்பேத்கர், முழுக் கோட்டு சூட்டோடுதான் சபைக்கு வருவார். படத்துக்கு உடை அமைத்தவர் ஒரு பெண், அனுவர்த்தன்.

இனி, பெண்பிள்ளைக்குக் கோட்டு எதற்கு என்ற தகப்பனாரின் கேள்வி. அவரையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் வாருங்கள். தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வாட்டர்லூ ஸ்திரீட் இருக்கிறது. 1943 அக்டோபர் 22-ஆம் தேதி அங்கேதான் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. தலைமை ஏற்றவர் சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி. அந்த ஜூலை மாதம் நேதாஜிக்கு முதல் அணிவகுப்பு மரியாதை செய்தபோது பெண்கள் புடவையோடுதான் துப்பாக்கி பிடித்தார்கள். முகாமுக்குள் வந்ததும் காக்கிச் சட்டை, கால்சட்டை, தொப்பி. கோலாலம்பூரிலிருந்து வந்த ஜானகியைப்போல வசதியான வீட்டுப் பெண்களும் அதில் உண்டு. ஆனால் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் அந்தக் காக்கியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். அவர்களில் யாராவது ஒருவர் இந்தத் தகப்பனாருக்கே பெரிய பாட்டி முறையாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அது பட்டாளத்து உடுப்பு, வேறு விஷயம் என்பாரானால் வக்கீல்களைக் காட்டுங்கள். 1923-இல் இந்தியாவில் சட்டம் வந்து பெண்கள் வழக்காடலாம் என்று ஆனது. அன்றிலிருந்து புடவைமேல் கறுப்புக் கோட்டு போட்ட பெண்ணைப் பார்த்து யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. நீதிபதியே எழுந்திருக்கச் சொன்னால்தான் எழுந்திருக்கிறார்கள்!

தையற்காரர் சொன்ன யோசனைக்கு வருவோம். ஆண் கோட்டைப் பிடித்துப் பெண் கோட்டாக்க முடியாது. முடியும் என்று சொல்பவர் பக்கத்துத் தையலை மட்டும் நினைத்துச் சொல்கிறார். ஆண் கோட்டின் தோள் 17, 18 அங்குலம். உங்கள் மகளுக்கு நீங்கள் எழுதியபடி பதினாலரை. அந்தத் தோளைக் குறைக்க வேண்டுமானால் கையைப் பிரிக்க வேண்டும், கையைப் பிரித்தால் கை வெட்டின் வளைவையும் மாற்ற வேண்டும். பக்கத்தில் பிடித்தால் முன்னால் இருக்கும் பைகள் முதுகுப் பக்கமாக ஓடிவிடும். எல்லாவற்றிலும் பெரிய கோளாறு மார்பில். ஆண் கோட்டின் முன்பாகம் ஏறக்குறைய தட்டை. பெண் போட்டால் துணி மார்பின்மேல் ஏறி, முன் ஓரம் தூக்கிக்கொள்ளும். பொத்தான் போட்டால் காலர் மடிப்பு வாயைப் பிளக்கும். பார்ப்பவர்கள் அப்பா கோட்டை எடுத்துப் போட்டிருக்கிறாள் என்பார்கள். அவள் கேட்டது அதுவல்ல.

ஆகவே புதுத் துணி. இங்கே சிங்கப்பூரில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தேக்காவில் எல்லாம் கிடைக்கும் என்று நம்பி அங்கேயே சுற்றாதீர்கள். தேக்கா நிலையத்தின் மேல்மாடியிலும் சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சந்துகளிலும் புடவை, பஞ்சாபி சூட், ரவிக்கைத் துண்டு, லைனிங், நூல், கொக்கி இவற்றுக்குக் குறைவில்லை. ரவிக்கையை அவசரமாகத் தைத்துக் கொடுக்கும் கைகளும் அங்கே உண்டு. கோட்டுத் துணி வேண்டுமானால் அராப் ஸ்திரீட் கடைகளையும், சைனாடவுனில் பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் மாடியில் உள்ள துணிக்கடைகளையும் பாருங்கள். விலை எழுதமாட்டேன்; கடைக்குக் கடை மாறுகிறது, கேட்கிற ஆளுக்கு ஆளும் மாறுகிறது. இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு மூன்றாவதில் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காப் பக்கம் துணி எடுக்கப் போகவேண்டாம். வாரம் முழுவதும் உழைத்த நம் ஊழியத் தம்பிகள் ஒன்றுகூடும் நேரம் அது. நின்று துணியைத் தடவிப் பார்க்க இடம் கிடைக்காது.

என்ன துணி? படத்தில் பார்த்ததுபோலக் கனமான கம்பளித் துணியைத் தேடாதீர்கள். அதைக் குளிரூட்டிய அறையில் நின்று நடிக்கலாம். பேருந்து நிறுத்தத்தில் நிற்க முடியாது. பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த நடுத்தரக் கனத் துணி நம் வெயிலுக்கு ஏற்றது. விழும்படி இருக்கும், சுருங்காது, வீட்டில் துவைக்கலாம். கையில் ஒரு பிடி கசக்கிவிட்டுப் பாருங்கள். சுருக்கம் தானாக விரிந்தால் வாங்கலாம். லைனிங்குக்கு மட்டும் பளபளக்கும் பாலியெஸ்டர் வேண்டாம், வியர்வையில் முதுகோடு ஒட்டும். விஸ்கோஸ் லைனிங் கேளுங்கள். நிறத்துக்குக் கருஞ்சாம்பல் என் தேர்வு. 'கறுத்த பிள்ளைக்குச் சாம்பல் எடுக்காது' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே அணியும் சட்டை வெள்ளையாகவோ அடர்சிவப்பாகவோ இருந்தால் போதும், முகம் தெளிவாக நிற்கும்.

58 அங்குல அகலத் துணியானால் கோட்டுக்கு 2 மீட்டர். 44 அங்குல அகலமானால் கிட்டத்தட்ட 3 மீட்டர் வேண்டும். லைனிங் 2 மீட்டர். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸ் 1 மீட்டர். ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கிற விறைப்பான பக்ரத்தை வைத்துவிடாதீர்கள், அட்டைப் பெட்டி மாதிரி நிற்கும். முன்னுக்கு 2 பெரிய பொத்தான், கைக்கு 3 வீதம் 6 சின்னப் பொத்தான். வெயிஸ்ட்கோட்டும் வேண்டுமானால் துணியில் அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் துணியையும் லைனிங்கையும் நனைத்து நிழலில் உலர்த்தி இஸ்திரி போட்டுவிட வேண்டும். தைத்தபிறகு லைனிங் சுருங்கினால் கோட்டின் அடி ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அளவெடுப்பதை மகள் அன்றைக்கு உள்ளே போடப்போகும் சட்டையோடு எடுங்கள். மார்பு, இடுப்பு, இருக்கை, தோள், பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்புவரை, தோளிலிருந்து மணிக்கட்டுவரை. இவற்றோடு ரவிக்கைக்கு எடுப்பீர்களே, தோளிலிருந்து மார்பு முனைவரை, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அந்த இரண்டும் கட்டாயம். மார்பு 34 என்று எழுதியிருக்கிறீர்கள். கோட்டுக்கு அதோடு 4 அங்குலம் கூட்டி 38 வரவேண்டும். 38 என்றதும் பெரிதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்; உள்ளே சட்டை இருக்கிறது, லைனிங் இருக்கிறது, கை வீசி நடக்கவும் வேண்டும்.

மாதிரித்தாளைப் புதிதாகப் போட வேண்டியதில்லை. அவளுக்குச் சரியாகப் பொருந்துகிற, கழுத்து ஒட்டிய பஞ்சாபி சூட்டின் மேற்சட்டை மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ரவிக்கை மாதிரி உதவாது, கழுத்து இறங்கியிருக்கும். அந்த மேற்சட்டையில் மார்புக்கு 1 அங்குலத் தளர்ச்சி இருந்தால் இன்னும் 3 அங்குலம் கூட்ட வேண்டும். முன் இரண்டு பாதி, பின் இரண்டு பாதி, ஆக நாலு ஓரத்திலும் முக்கால் முக்கால் அங்குலம் தள்ளி வரைந்தால் சரியாக 3 வந்துவிடும். கை வெட்டை முக்கால் அங்குலம் கீழே இறக்குங்கள். நீளம் பின்கழுத்திலிருந்து 24 அங்குலம் போதும். ஆண் கோட்டு இருக்கையை மூடி இறங்கும். 5 அடி 2 அங்குலப் பெண்ணுக்கு அந்த நீளம் வைத்தால் கால் குட்டையாகத் தெரியும்.

இனிதான் முக்கியமான இடம். ரவிக்கையில் 'பிரின்சஸ் கட்' தைத்திருப்பீர்கள், தோளிலிருந்து மார்பு முனை வழியாகக் கீழே ஓடுகிற நீளத் தையல். கோட்டுக்கும் அதேதான், இடுப்போடு நிறுத்தாமல் அடி ஓரம்வரை இறக்க வேண்டும். டார்ட் பிடிக்க வேண்டிய துணியெல்லாம் அந்தத் தையலுக்குள் ஒளிந்துகொள்ளும். வெளியே பார்ப்பவருக்கு நேரான, கம்பீரமான ஒரு கோடு மட்டும் தெரியும். கபாலியின் கோட்டில் நம் கண்ணைக் கவர்வது அந்த நேர்க்கோடுதானே! பின்பக்கத்துக்கும் தோள்பட்டை எலும்பிலிருந்து அதேபோல ஒன்று. இடுப்பை ரொம்பவும் ஒட்டிப் பிடிக்காதீர்கள், உடம்புக்கு மேல் 4 அங்குலத் தளர்ச்சி இருக்கட்டும். இறுக்கினால் கதாநாயகியின் கோட்டாகிவிடும். அவள் கபாலியாகத்தானே போகிறாள்.

வரைந்ததும் நல்ல துணியில் கத்தரி வைக்காதீர்கள். பழைய வேட்டியோ படுக்கை விரிப்போ எடுத்து, கை, காலர் இல்லாமல் ஒரு சோதனைச் சட்டை ஓட்டி அவளுக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். முதுகு இழுத்தால் பின்பாகத்தைக் கால் அங்குலம் விரியுங்கள். உட்காரச் சொல்லுங்கள். முன்னால் தூக்கினால் மார்பு முனைத் தையலில் துணி போதவில்லை என்று அர்த்தம். குண்டூசி குத்தித் திருத்தி, திருத்தத்தைத் தாளில் மாற்றுங்கள். இந்த ஒரு மாலை வேலையை மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் பிறகு மூன்று மாலை பிரித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

காலரும் மடிப்பும் பயமுறுத்தும். உண்மையில் அது ஒரே ஒரு கோட்டின் கணக்கு. தோள் கோட்டைக் கழுத்துப் பக்கமாக முக்கால் அங்குலம் நீட்டிப் புள்ளி வையுங்கள். அங்கிருந்து மேல்பொத்தான் இடம்வரை ஒரு நேர்க்கோடு. துணி அந்தக் கோட்டில்தான் மடிந்து திரும்பும். மேல்பொத்தான் மார்பின்மேல் வரக்கூடாது, இடுப்புக்குச் சற்று மேலே வரட்டும். மார்பில் வைத்தால் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆண் கோட்டில் மடிப்பின் அகலம் மூன்று, மூன்றரை அங்குலம்கூட இருக்கும். சின்ன உடம்புக்கு இரண்டரை அங்குலம் அழகு. மேல்காலரை அடிக்காலரைவிடச் சுற்றிலும் ஒரு நூல் பெரிதாக, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூட்டி வெட்டுங்கள். அடிக்காலரைத் துணியின் குறுக்கில் வெட்டுங்கள். இரண்டையும் ஒரே அளவில் வெட்டினால் தையல் வெளியே எட்டிப்பார்க்கும், காலர் நுனி வானத்தைப் பார்க்கும். கடைக்கோட்டுக்கும் வீட்டுக்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் பாதி இந்த ஒரு நூலில்தான் இருக்கிறது.

கேன்வாஸை முன்பாகம் முழுவதற்கும், இரண்டு காலர்களுக்கும், பைகளின் மூடிகளுக்கும் ஒட்டுங்கள். முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். ஈரத்துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், ஓரிடத்தில் 10 அல்லது 12 விநாடி அழுத்தி எடுத்து அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் குமிழ் விடும். ஆறும்வரை துணியைத் தூக்காதீர்கள். மிஷினுக்கு 14-ஆம் நம்பர் ஊசி. கால் மிதி சிங்கரானாலும் சரி, மின்சார மிஷினானாலும் சரி, அங்குலத்துக்கு 10 தையல் விழட்டும். பிரின்சஸ் வளைவில் தையல் போட்டதும் வளைந்த பக்கத் துணியில் சின்னச் சின்ன வெட்டு கொடுத்துத் தையலைப் பிரித்து இஸ்திரி போடுங்கள். ஒவ்வொரு தையல் முடிந்ததும் இஸ்திரி. கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பது ரவிக்கைக்குச் சரி, கோட்டுக்குச் செல்லாது.

கை இரண்டு துண்டாக இருக்க வேண்டும், மேல்கை, அடிக்கை. ஒரே துண்டில் தைத்த கை முழங்கையில் மடங்காது. கையின் தலைப்பு கை வெட்டைவிட ஒன்றேகால் அங்குலம் நீளமாக இருக்கும், அதுதான் முறை. இரண்டு வரி ஓட்டுத்தையல் போட்டு நூலை லேசாக இழுத்து அந்த அதிகத்தைச் சுருக்கமில்லாமல் அமுக்க வேண்டும். சுருக்கம் தெரிந்தால் பஃப் கை ஆகிவிடும். தோளுக்குள் அரை அங்குலக் கனத்தில் ஒரு திண்டு வையுங்கள். பழைய பருத்திக் கம்பளத்தை நாலு மடிப்பாக, ஓரம் மெலியும்படி வெட்டித் தைத்தால் போதும், வாங்க வேண்டியதில்லை. கபாலியின் அந்தத் தோள் நிமிர்வு பாதி நடையில் வருவது, பாதி இந்தத் திண்டில் வருவது.

பொத்தான் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண் கோட்டில் இடது பாகம் மேலே வரும், பெண் கோட்டில் வலது பாகம். நான் வலதை மேலே விடச் சொல்வேன். அவள் போடும் சட்டைகளெல்லாம் அப்படித்தான் இருக்கும், கை பழகியிருக்கும். விருந்தில் யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. நடு முன்கோட்டுக்கு வெளியே முக்கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட மறக்கவேண்டாம். காஜா போட வீட்டு மிஷினில் வசதி இல்லையென்றால் தேக்காவில் தைக்கிற யாரிடமாவது கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி நெருக்கத்தில் மட்டும் கொண்டுபோனால் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள்.

ஆண் கோட்டில் இடது மார்பில் ஒரு சின்னப் பை இருக்குமே, கைக்குட்டை எட்டிப்பார்க்கிற பை, அதைப் பெண் கோட்டில் வைத்தால் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். வேடத்துக்காக வேண்டுமென்றால் மார்புக்கு மேலே, தோள் பக்கமாக, ஒரு பட்டையை மட்டும் பைபோலத் தைத்துவிடுங்கள். ஆனால் உள்பையை விடாதீர்கள். கடையில் விற்கிற பெண் கோட்டுகளைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் உள்பையே இருக்காது. வெளிப்பைக்கும் மூடி மட்டும் இருக்கும், கை நுழையாது. பணத்தையும் அடையாள அட்டையையும் பெண் வேறெங்கோ வைத்துக்கொள்வாள் என்று நினைப்பு. நம் பாட்டிமார் முடிச்சிலும் சுருக்குப்பையிலும் வைத்தார்கள், இன்றைக்கும் சிலர் ரவிக்கைக்குள் வைக்கிறார்கள். ஆண் கோட்டில் உள்பை மார்புக்கு நேரே இருக்கும். பெண்ணுக்கு அதை மார்புக்குக் கீழே 2 அங்குலம் இறக்கி லைனிங்கில் வையுங்கள், வெளியே புடைக்காது. வாய் 5 அங்குலம், ஆழம் ஆறரை அங்குலம். கைத்தொலைபேசி முழுதாக உள்ளே போகும். அடிமூலைகளை இரட்டைத் தையல் போடுங்கள். இரண்டு பக்க வெளிப்பைகளும் நிஜப் பைகளாகவே இருக்கட்டும்.

வெயிஸ்ட்கோட்டு பற்றி இரண்டு வார்த்தை. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் பிள்ளை வியர்த்து விறுவிறுத்துப் போவாள். முன்பாகம் இரண்டை மட்டும் வெட்டி, லைனிங் கொடுத்து, கோட்டின் உள்மடிப்பில் சின்னப் பொத்தான்களால் மாட்டிவிடுங்கள். வெளியே மூன்றும் தெரியும், முதுகில் ஒன்றுதான் இருக்கும். விருந்து முடிந்ததும் கழற்றிவிட்டால் சாதாரணக் கோட்டு.

அடி ஓரத்தையும் கை ஓரத்தையும் கையாலேயே தையுங்கள், மிஷின் வேண்டாம். லைனிங்கை அடியில் அரை அங்குலம் தொளதொளவென்று விட்டு மடியுங்கள்; இறுக்கமாக இருந்தால் கோட்டு சுருண்டுகொள்ளும். கை ஓரத்தை மட்டும் கடைசிவரை தற்காலிகமாக ஓட்டி வைத்து, அவள் செருப்பு மாட்டி நின்று கையைத் தொங்கவிட்ட பிறகு நீளம் பாருங்கள். கோட்டுக் கைக்கு வெளியே சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டும்.

விருந்து முடிந்து வந்த இரவே அலமாரிக்குள் தள்ளிவிடாதீர்கள், வியர்வை ஆறட்டும். அகலமான கட்டைத் தொங்கியில் ஒரு நாள் காற்றில் மாட்டிவைத்து, மறுநாள் பழைய தலையணை உறைக்குள் போட்டுத் தொங்கவிடுங்கள். கம்பித் தொங்கி வேண்டாம், தோளில் மூக்கு மாதிரிப் புடைப்பு விழும். மிஞ்சிய துணியையும் இரண்டு பொத்தானையும் ஒரு காகித உறையில் போட்டு உள்பையிலேயே வைத்துவிடுங்கள். பக்கத் தையல்களில் உள்ளே முக்கால் அங்குலம் துணி விட்டிருப்பீர்கள். நேர்முகத் தேர்வு வருகிற காலத்தில் அவள் கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தால் அங்கே பிரித்து விட்டுக்கொள்ளலாம்.